மரத்தின் விலை எட்டு நாள் கூலி

டிசம்பர் பிறந்ததும் ஈப்போ பட்டணத்துக் கடைவாசல்களில் பச்சை மரங்கள் வரிசை கட்டி நிற்கத் தொடங்கிவிடும். இரண்டடி மரம், நான்கடி மரம், ஆறடி மரம். பனி கொட்டியதுபோல் வெள்ளை பூசிய மரமும் உண்டு. பேராக்கில் பனி எப்போது கொட்டியது என்று யாரைக் கேட்பது? சாமான் வாங்கப் போகும் நம் பிள்ளைகளின் கால் அந்த இடத்தில் நின்றுவிடும். அப்பாவின் கை சட்டைப் பையைத் தடவும். அம்மாவின் கண் விலைச் சீட்டைத் தேடும்.

அந்தச் சீட்டில் இருப்பதுதான் மரத்தின் விலையா? நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். என் மாணவி ஒருத்தியின் சப்பாத்தைப் பார்த்த பிறகுதான் கணக்கு வேறு என்று தெரிந்தது.

வகுப்பில் நான் கேட்ட கேள்வி

நான் தோட்டப்பள்ளி ஆசிரியை. தோட்டம் என்று பெயர் இருக்கிறதே தவிர, என் தந்தை பால் வெட்டிய காலத்து ரப்பர் மரங்கள் இப்போது இல்லை. செம்பனை நிற்கிறது. பாதிக் குடும்பங்கள் பட்டணத்து ஓரத் தாமான்களுக்குக் குடிபோய்விட்டன. பிள்ளைகள் மட்டும் பேருந்தில் நம் பள்ளிக்கே வருகிறார்கள்.

2018 நவம்பர் மாதம். ஆண்டிறுதி விடுமுறைக்கு இன்னும் சில நாட்களே இருந்தன. வகுப்புச் சுவரில் எல்லாப் பெருநாள் படங்களையும் ஒட்டி அழகுபடுத்தினோம். தீபாவளிக்கு விளக்கு, பொங்கலுக்குப் பானை, நோன்புப் பெருநாளுக்குக் கெத்துப்பாட், சீனப் புத்தாண்டுக்குச் சிவப்பு விளக்கு. கிறிஸ்துமசுக்கு நான் வரைந்து கொடுத்தது கூம்பு வடிவத்தில் ஓர் ஊசியிலை மரம். அதன்மேல் பஞ்சு ஒட்டச் சொன்னேன். பிள்ளைகள் ஆசையோடு ஒட்டினார்கள்.

அத்தோடு விட்டிருக்கலாம். "யார் யார் வீட்டில் இந்த மரம் இருக்கிறது?" என்று கேட்டுவைத்தேன். அந்த ஐந்தாம் ஆண்டு வகுப்பில் கிறிஸ்தவப் பிள்ளைகள் மூன்றே பேர். தாமானில் இருக்கும் இருவர் கை தூக்கினார்கள். தோட்டத்து வீட்டில் இருக்கும் பெண் குனிந்துகொண்டாள். நான் கவனித்தேன், ஆனால் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

2019 ஜனவரி 2ஆம் நாள் பள்ளி திறந்தது. வெள்ளைச் சப்பாத்துக்குப் பதில் கறுப்புச் சப்பாத்து போடலாம் என்று அரசாங்கம் அறிவித்திருந்த ஆண்டு அது. வெள்ளைக்கு அப்போது தடையில்லை. ஆனாலும் பிள்ளைகள் பெரும்பாலோர் புத்தம் புதுக் கறுப்புச் சப்பாத்தோடு வந்து நின்றார்கள். இவள் மட்டும் முந்திய ஆண்டின் வெள்ளைச் சப்பாத்தை, குதிகாலை மிதித்து மடக்கிப் போட்டுக்கொண்டு வந்திருந்தாள். கால் வளர்ந்துவிட்டது, சப்பாத்து வளரவில்லை. பயிற்சிப் புத்தகத்துக்கும் பணம் வரவில்லை.

அந்த வார இறுதியில் அவள் வீட்டுக்குப் போனேன். முன்கூடத்தின் பாதியை அடைத்துக்கொண்டு ஆறடி மரம் நின்றது. விளக்குகள் மின்னி மின்னி அணைந்தன. தாயார் செம்பனையில் உதிரிப் பழம் பொறுக்கும் தொழிலாளி. எனக்குத் தேத்தண்ணீர் கொடுத்துவிட்டுச் சொன்னார்:

"மரம் வாங்கணும்னு நான் நெனைக்கவே இல்ல டீச்சர். வீட்டுல மரம் இல்லன்னு வகுப்புல சொல்ல வெக்கமா இருந்துச்சுன்னு ராத்திரியெல்லாம் அழுதா. மனசு கேக்கல. தவணையில எடுத்துட்டேன்."

குடித்த தேத்தண்ணீர் எனக்கு உள்ளே இறங்கவில்லை. அந்த மரத்தை விற்றது கடைக்காரர். விற்க வைத்தது என் கேள்வி.

எட்டு நாள் கூலி

கூச்சத்தை விட்டு இருவரும் உட்கார்ந்து கணக்குப் போட்டோம். மரம் 189 வெள்ளி. அதில் தொங்கவிடும் பந்துகளும் சரிகையும் 46 வெள்ளி. விளக்குச் சரம் 25 வெள்ளி. ஆக மொத்தம் 260 வெள்ளி. கையில் பணமில்லை. முதலில் 60 வெள்ளி கட்டி, மிச்சத்தை மாதம் 50 வெள்ளியாக ஐந்து மாதம் கட்டுவதாக ஏற்பாடு. அப்படியானால் 310 வெள்ளி. தவணைக்காக மட்டும் 50 வெள்ளி கூடுதல்.

அப்போது தீபகற்ப மலேசியாவில் குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,000 வெள்ளி. வாரம் ஆறு நாள் வேலை செய்பவருக்கு நாளொன்றுக்கு 38 வெள்ளி 46 காசு. 310 வெள்ளியை அதனால் வகுத்துப் பாருங்கள். எட்டு நாள் வெயிலிலும் மழையிலும் குனிந்து பழம் பொறுக்கிய கூலி அந்த மரம்.

பள்ளிச் சாமான்களுக்கு என்ன ஆகும் என்றும் எழுதினோம். கறுப்புச் சப்பாத்து 28, சீருடை இரண்டு சோடி 85, புத்தகப் பை 40, பயிற்சிப் புத்தகங்கள் 75. மொத்தம் 228 வெள்ளி. மரத்தின் செலவில் இது அத்தனையும் வாங்கி, மிச்சமும் இருந்திருக்கும். பெருநாளுக்கும் பள்ளி திறப்புக்கும் இடையில் எட்டே நாள்தான். ஒரே பணம், இரண்டு வாசலில் நின்று அழைத்தார்கள். மின்னுகிற வாசல் வென்றது.

இது பழைய கதை என்று தள்ளிவிட வேண்டாம். இடையில் சில ஆண்டுகள் பள்ளி ஆண்டின் தொடக்கம் மார்ச்சுக்குத் தள்ளிப்போனது. 2025இல் பிப்ரவரிக்கு வந்தது. 2026 முதல் மீண்டும் ஜனவரிக்கே திரும்பிவிட்டது. ஆகவே பெருநாள் செலவும் பள்ளிச் செலவும் மறுபடியும் ஒன்றை ஒன்று இடித்துக்கொண்டு வரும். குறைந்தபட்சச் சம்பளம் 2025 பிப்ரவரி முதல் 1,700 வெள்ளியாக உயர்ந்தது உண்மை. நாளுக்கு 65 வெள்ளி 38 காசு. ஆனால் மரத்துக்கும் அலங்காரத்துக்குமாக 400 வெள்ளி செலவழித்தால், அதுவும் ஆறு நாள் கூலிக்கு மேல்தான். 2023இலிருந்து வருமான வரம்பு பாராமல் மாணவர்களுக்கு அரசாங்கம் கொடுத்துவரும் பள்ளித் தொடக்க உதவி 150 வெள்ளி. ஒரு நடுத்தர மரம் அதை ஒரே வாயில் விழுங்கிவிடும்.

கடல் தாண்டி வரும் மரம்

பட்டணத்துப் பெரிய கடைகளில் நிசமான ஊசியிலை மரமும் விற்கிறார்கள். வாசனையாக இருக்கும். விலையைக் கேட்டால் தலை சுற்றும். ஏன் அவ்வளவு விலை என்பதை, பால் வெட்டிய குடும்பங்களுக்கு விளக்குவது எளிது.

கன்று நட்டு ஆறேழு ஆண்டு காத்திருந்தால்தான் ரப்பர் மரம் வெட்டுக்கு வரும் என்பது நமக்குத் தெரியும். அமெரிக்காவின் ஓரிகன், வாஷிங்டன் மாநிலங்களில் வளர்க்கப்படும் 'நோபிள் ஃபர்' என்ற மரமும் ஆளுயரம் வளர ஏறக்குறைய ஏழு முதல் பத்து ஆண்டு எடுத்துக்கொள்கிறது. ரப்பர் மரம் அதற்குப் பிறகு இருபத்தைந்து ஆண்டு பால் கொடுக்கும். இந்த மரமோ வெட்டிய பிறகு மூன்று நான்கு வாரம்தான் பச்சையாக இருக்கும். வாடாமல் இருக்கக் குளிர்பதனப் பெட்டியில் ஏற்றி, பசிபிக் கடலைத் தாண்டிக் கொண்டுவர வேண்டும். பத்து வருட வளர்ப்பு, கப்பல் கூலி, குளிரூட்டும் செலவு எல்லாம் அந்த மூன்று வாரத்தின் தலையில் ஏறுகின்றன.

இன்னொன்றும் உண்டு. ரப்பர் விலை விழுந்தால் மறுநடவு நின்றுபோகும். அதன் விளைவு பல ஆண்டு கழித்துத்தான் தெரியும். அங்கேயும் அதே கதைதான். 2008இல் அமெரிக்கப் பொருளாதாரம் சரிந்தபோது மரம் வளர்ப்பவர்கள் கன்று நடுவதைக் குறைத்தார்கள். பத்தாண்டு கழித்து, 2016, 2017 வாக்கில் மரம் பற்றாக்குறையாகி விலை ஏறியது. விலை டாலரில் என்பதால் நம் வெள்ளியின் மதிப்பும் சேர்ந்துகொள்ளும். 1998 செப்டம்பர் முதல் 2005 ஜூலை வரை ஒரு டாலருக்கு 3 வெள்ளி 80 காசு என்று அரசாங்கம் கட்டிவைத்திருந்தது. 2024 தொடக்கத்தில் ஒரு டாலருக்கு 4 வெள்ளி 70 காசுக்கும் மேல் கொடுக்க வேண்டியிருந்தது. அதே மரம், அதே உயரம். நமக்கு மட்டும் விலை வேறு.

பிளாஸ்டிக் மரங்கள் பெரும்பாலும் சீனாவிலிருந்து வருகின்றன. செயற்கை மரம் ஒன்றும் புதிதல்ல. பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே செர்மானியர்கள் வாத்து இறகுக்குப் பச்சைச் சாயம் தோய்த்துக் கம்பியில் சுற்றி மரம் செய்தார்கள். மரம் வைக்கும் வழக்கமே செர்மானிய நாட்டிலிருந்து பரவியதுதான். விக்டோரியா மகாராணியின் குடும்பம் மரத்தைச் சுற்றி நிற்கும் படம் 1848இல் லண்டன் பத்திரிகை ஒன்றில் வந்த பிறகுதான் இங்கிலாந்தில் அது வீட்டுக்கு வீடு பரவியது. பிறகு வெள்ளைக்காரர்கள் போன இடமெல்லாம் அதுவும் போயிற்று.

மரம் இல்லையென்றால் பெருநாள் இல்லையோ என்று கவலைப்படுகிறவர்களுக்கு ஒரு செய்தி. அசிசியின் புனித பிரான்சிஸ் இத்தாலியில் கிரேச்சோ என்ற சிற்றூரில் முதன்முதலில் குடில் அமைத்தது 1223இல். வத்திக்கானில் புனித பேதுரு சதுக்கத்தில் முதல் முறையாகக் கிறிஸ்துமஸ் மரம் வைத்ததோ 1982இல்தான். அதற்கு முந்திய நூற்றாண்டுகளில் ரோமாபுரியில் பாலன் பிறக்காமலா இருந்தார்?

எங்கள் சவுக்குக் கிளை

நான் சிறுமியாக இருந்த 1980களில், சுங்கை சிப்புட் வட்டாரத்து ரப்பர் தோட்டத்தில் எங்கள் வீட்டிலும் மரம் இருந்தது. அது சவுக்குக் கிளை. பந்துத் திடலின் ஓரத்தில் நெடுநெடுவென்று சவுக்கு மரங்கள் நிற்கும். கிராணியாரிடம் கேட்டுக்கொண்டு, அப்பா பெருநாளுக்கு இரண்டு நாள் முன்பு ஒரு கிளையை அறுத்து வருவார். ஓட்டை விழுந்த பால்வாளியில் மணல் போட்டு நட்டு, வாளியைச் சுற்றிச் சிவப்புத் தாள் ஒட்டுவோம். சிகரெட் பெட்டியின் வெள்ளித் தாளும் அம்மா வைத்திருக்கும் பஞ்சும் அலங்காரம். ரப்பர் கொட்டைக்கு வெள்ளிச் சாயம் பூசி நூலில் கட்டித் தொங்கவிடுவோம். ஒன்றோடொன்று மோதினால் டிக் டிக்கென்று சத்தம் கேட்கும்.

சவுக்கு பார்ப்பதற்கு ஊசியிலை மரம்போல் இருந்தாலும் அந்தச் சாதி அல்ல. ஊசி என்று நாம் நினைப்பது இலையே இல்லை. மெல்லிய சிறு கிளை. கணுக்கணுவாக இருக்கும் அதைப் பிய்த்து, மறுபடி பொருத்தி, எங்கே பிய்த்தது என்று கண்டுபிடிக்கச் சொல்லி விளையாடாத தோட்டத்துப் பிள்ளை உண்டா? அந்தக் கணுவில் ஒட்டியிருக்கும் மிகச் சிறிய செதில்தான் அதன் உண்மையான இலை. மலாய்க்காரர்கள் 'ரு' என்று சொல்லும் இது நம் கடற்கரைகளில் தானாக வளரும் மரம். தமிழ்நாட்டிலும் கிறிஸ்துமசுக்குச் சவுக்குக் கிளை வைக்கும் வீடுகள் ஏராளம். நம் பாட்டன் பாட்டிகளுக்குப் பழக்கமான மரம் அது.

வாசலில் நட்சத்திரம். மூங்கிலைப் பிளந்து, சீவி, நூலால் கட்டி, பட்டம் செய்யும் கலர்த் தாள் ஒட்டி, உள்ளே ஒரு சின்ன பல்பு. தோட்டத்து மின்சாரம் இரவு பத்து மணிக்கு நின்றுவிடும். அதற்குள் லயத்துப் பிள்ளைகள் எல்லாம், எந்தச் சாமி கும்பிடுகிற வீடாக இருந்தாலும், எங்கள் நட்சத்திரத்தடியில் கூடிவிடுவார்கள். அவர்களுடைய தீபாவளி முறுக்குக்குப் பதில் எங்கள் கேக் துண்டு தட்டில் போகும்.

மொத்தச் செலவு தாளுக்கும் நூலுக்கும் பல்புக்குமாக இரண்டு மூன்று வெள்ளி. பழைய காலமே பொற்காலம் என்று சொல்ல வரவில்லை. எட்டு நாளில் கிளை காய்ந்து, அம்மா கூட்டிக் கூட்டி அலுத்துப்போவார். மூன்று ராசாக்கள் திருநாள் முடிந்ததும் அது குளிக்கும் தண்ணீர் அடுப்புக்குப் போகும். ஆனால் ஒருவர் முதுகிலும் கடன் ஏறவில்லை. என் வகுப்பில் அந்தப் படத்தை வரைந்தபோது எனக்கு ஏன் அந்தப் பால்வாளி ஞாபகம் வரவில்லை என்று இன்றும் நினைத்துக்கொள்கிறேன்.

வாங்குவதானால் இப்படி வாங்குங்கள்

பிள்ளையின் ஆசையைக் குற்றம் சொல்லக் கூடாது. மரம் வாங்குவதும் பாவமல்ல. விரலுக்குத் தகுந்த வீக்கம் இருந்தால் போதும். அன்றைக்கு அந்தத் தாயாரோடு சேர்ந்து எழுதிய சில வழிகளை உங்களுக்கும் சொல்கிறேன்.

முதலாவது, முழுக் கணக்குப் போடுங்கள். மரம், தொங்கவிடும் பொருள், விளக்கு, தவணை வட்டி நான்கையும் கூட்டுங்கள். வந்த தொகையை உங்கள் ஒரு நாள் கூலியால் வகுத்து, "இத்தனை நாள் வேலைக்கு இது ஈடா?" என்று புருசன் பெண்சாதி இருவரும் உட்கார்ந்து பேசுங்கள்.

இரண்டாவது, பள்ளிச் சாமானை முதலில் வாங்குங்கள். நவம்பரிலேயே சப்பாத்தும் சீருடையும் வீட்டுக்கு வந்துவிட்டால், மிச்சமிருப்பதுதான் பெருநாள் பணம் என்பது தானாகத் தெரிந்துவிடும்.

மூன்றாவது, டிசம்பரில் வாங்காதீர்கள். பெருநாள் முடிந்ததும் தேங்கிய மரங்களைக் கடைக்காரர்கள் விலை குறைத்துத் தள்ளுவது வழக்கம். இந்த ஆண்டு சவுக்குக் கிளை, அடுத்த ஆண்டுக்கு மரம் என்று பிள்ளையிடம் சொல்லுங்கள். காத்திருக்கக் கற்பதும் படிப்புத்தான். வாரம் 5 வெள்ளி உண்டியலில் போட்டால் நாற்பது வாரத்தில் 200 வெள்ளி. ரொக்கமாகக் கொடுத்து வாங்கலாம். இப்போது வாங்கு, பிறகு கட்டு என்று கைப்பேசியில் வரும் ஆசைகாட்டலும் ஆலோங் கடனும் பெருநாளுக்கு ஆகாதவை.

நான்காவது, விளக்கை வாங்கும்போது சிரிம் முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். பழைய குமிழ் விளக்குச் சரம் 40 வாட் இழுக்கும் என்றால், தினம் ஆறு மணி நேரம் எரிய மாதத்துக்கு 7.2 யூனிட் ஆகும். 5 வாட் எல்.இ.டி. சரத்துக்கு 0.9 யூனிட் போதும். படுக்கப் போகும்போது சுவிட்சை அணைத்துவிடுங்கள். பிளாஸ்டிக் மரமும் காய்ந்த சவுக்கும் தீப்பிடித்தால் வீடு தாங்காது. மரத்தில் மெழுகுவத்தி வைக்கவே கூடாது.

ஐந்தாவது, சவுக்குக் கிளை வேண்டுமானால் இடத்துக்கு உரியவரைக் கேட்டு ஒரே கிளையை அறுத்துக்கொள்ளுங்கள். கடற்கரையில் நிற்கும் மரத்தில் கைவைக்காதீர்கள். அது மண்ணைப் பிடித்து நிற்கிறது.

ஆறாவது, வாங்கிய மரத்தைக் காப்பாற்றுங்கள். பெட்டியைத் தூக்கி எறியாமல், மடக்கி வைத்து, கரப்பானும் எலியும் அண்டாத உயரத்தில் வையுங்கள்.

இந்தக் கடைசி விசயத்தில் அந்தத் தாயார் எனக்கே பாடம் சொல்லிவிட்டார். 2018இல் வாங்கிய மரத்தை 2024 வரை ஏழு கிறிஸ்துமசுக்கு வைத்திருக்கிறார். 310 வெள்ளியை ஏழால் வகுத்தால் ஆண்டுக்கு 44 வெள்ளி சொச்சம். அப்படிப் பார்த்தால் மரம் மலிவுதான். தப்பு மரத்தில் இல்லை. அதை வாங்கிய வாரத்தில் இருந்தது. வெட்கத்தில் வாங்கியதில் இருந்தது.

அந்த வெட்கத்தைக் கொடுத்தவள் நான். ஆகவே அடுத்த ஆண்டிலிருந்து என் வகுப்புச் சுவரில் பஞ்சு ஒட்டிய மரம் இல்லை. மூங்கில் குச்சியும் கலர்த் தாளும் கொண்டுவரச் சொல்லி, எல்லாப் பிள்ளைகளுமாக நட்சத்திரம் கட்டுகிறோம். யார் வீட்டில் என்ன இருக்கிறது என்று நான் கேட்பதில்லை. ஆசிரியர்களாக இருக்கும் வாசகர்களுக்கும் இதுவே என் வேண்டுகோள். பிள்ளைகளிடம் "என்ன செய்யத் தெரியும்?" என்று கேளுங்கள். "என்ன வைத்திருக்கிறாய்?" என்று கேட்காதீர்கள்.

அந்தப் பெண் இப்போது வளர்ந்துவிட்டாள். சிலிபின் லூர்து மாதா ஆலயத்தில் அண்மையில் பார்த்தேன். மரம் என்ன ஆயிற்று என்று கேட்டதற்குச் சிரித்தாள்.

"இன்னும் இருக்கு டீச்சர். ஒரு கால் ஒடஞ்சு போச்சு, அப்பா கம்பி கட்டி நிறுத்தி வெச்சிருக்காரு. வாசல்ல தொங்குற நட்சத்திரம் மட்டும் வருசா வருசம் நானே கட்டுவேன். தம்பிக்கும் சொல்லிக் குடுத்துட்டேன்."

வாசகர்களே, வரும் பெருநாளுக்கு உங்கள் வீட்டில் மரம் நிற்கட்டும், அல்லது சவுக்குக் கிளை நிற்கட்டும். பள்ளி திறக்கும் முதல் நாளில் பிள்ளையின் காலுக்குப் பொருந்திய சப்பாத்து இருக்கட்டும். அப்போதுதான் பெருநாள் நல்லபடியாக முடிந்தது என்று பொருள்.